நூற்றுக்கு வெளியே நின்றவர்கள்

தகரக் கூரைமேல் மழையின் முதல் துளிகள் விழுகிறபோது எனக்குத் திருப்பதி தந்தி ஆபீஸ் நினைவுக்கு வந்துவிடுகிறது. டக், டட்டக், டக். ஒரு துளி, கொஞ்சம் யோசனை, பிறகு இரண்டு துளி. தந்தி மெஷினின் பித்தளைச் சாவியை அங்கிருந்த தந்திக்காரர் அப்படித்தான் தட்டுவார். அரக்கு உருகும் வாசனையும் கோந்தின் புளிப்பும் கலந்த அந்தக் கூடத்தில், கம்பித் தடுப்புக்கு வெளியே நின்று, என் வார்த்தைகள் புள்ளியும் கோடுமாய் உடைந்து சென்னைக்குப் போவதைக் கேட்டுக்கொண்டிருந்தவன் நான். போய்ச் சேர்ந்த இடத்தில் அவை மறுபடி வார்த்தைகளாகக் கூடும். முன்பு இருந்தபடியே கூடுமா என்பதுதான் கேள்வி.

செய்தி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக எதையாவது எழுதித் தரச் சொன்னார்கள். செய்தி எழுதுவது எப்படி என்று நான் எழுதப்போவதில்லை. அதை உங்கள் டெஸ்க் அடித்துத் திருத்திச் சொல்லிக்கொடுக்கும். நான் ஓய்வு பெறும் வயதுக்கு முன்பே ஓய்ந்துபோய் வெளியே வந்தவன். ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நாளைக்கே நீங்கள் எழுதப்போகிற சொல். பர்சென்ட்.

ஆந்திரம் தனியாகப் பிரிந்து, எல்லை எங்கே ஓடும் என்று இரண்டு பக்கமும் தொண்டை வறள அடித்துக்கொண்டிருந்த காலம். சித்தூர் ஜில்லாவின் ஒவ்வொரு ஊரும் தன்னைத் தானே ஒரு தராசில் ஏற்றி நிறுத்திக்கொண்டது. இந்தப் பாஷை எத்தனை, அந்தப் பாஷை எத்தனை. அதுவரை பள்ளிக்கூடத்துப் பரீட்சையோடு நின்றிருந்த பர்சென்ட் டீக்கடைக்கு இறங்கி வந்தது. முடிவெட்டும் இடத்துக்கு வந்தது. கல்யாணப் பேச்சுக்குள்ளும் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தது. புத்தூரில் ஒரு டீக்கடையில் என் காதில் விழுந்தது இது.

"உங்க ஊரு எத்தினி பர்சென்ட்டு?"

"எழுவது இருக்கும் மாமா."

"அப்ப அது மெட்ராசுக்குப் போயிடும். எங்குளுது நாப்பதுதான், இங்கியே நின்னுடும். நாளைக்கு சம்மந்தின்னு பாக்க வர்றதுன்னா எல்லையத் தாண்டிக்கினு இல்ல வரணும்?"

"வாங்க, வாங்க. வர்ற வழியில பொண்ணுக்கு சுங்கவரியும் கட்டிட்டு வாங்க!"

கடையே சிரித்தது. அந்த எழுபதை எண்ணியது யார், எப்போது எண்ணினார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் தெலுங்கில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்வோம், தமிழில் கேட்டால் தமிழில் சொல்வோம். அது எதிரில் நிற்பவருக்குக் கொடுக்கிற மரியாதை. கணக்கெடுக்க வந்தவர்களில் சிலர் அந்த மரியாதையைத் தாய்மொழி என்று எழுதிக்கொண்டு போனார்கள். கேட்டவர் மாறினால் எண்ணும் மாறியது. அப்புறம் அந்த எண்ணை வைத்துக்கொண்டு மண்டையை உடைத்துக்கொண்டோம்.

நான் அப்போது சென்னையிலிருந்து வெளிவந்த ஒரு தமிழ்ப் பத்திரிகைக்குத் திருப்பதியில் துணை நிருபர். எனக்கு மேலே ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம். நாங்கள் எல்லோரும் அவரைச் சீஃப் என்றோம்; என்னை அவர் ஒல்லி என்பார். திருப்பதி வெயிலிலும் கோட்டைக் கழற்றாதவர். அந்தக் கோட்டுப் பையில் ஒரு சிவப்புப் பென்சில். அது பையிலிருந்து எழுந்தால் என் தாளில் ஒரு வரியாவது சாகும்.

சீஃப் முட்டாள் என்று நினைத்துவிடாதீர்கள். காளஹஸ்தியில் ஒரு கூட்டம் நடந்தது. ஸ்வர்ணமுகி ஆற்று மணலில் பெஞ்சு போட்டு ஏறி நின்ற ஒரு தமிழ்ச் சங்கத்துக்காரர், "எங்கள் தெருவில் தமிழ்க் குடும்பங்கள் ஒரே ஆண்டில் நூறு பர்சென்ட் பெருகியிருக்கின்றன" என்று முழங்கினார். மணல் பறக்கக் கைதட்டல். நானும் குறித்துக்கொண்டு ஓடிவந்தேன்.

சீஃப் படித்தார். "எத்தனை வீடு எத்தனை வீடாச்சு?"

"அது தெரியலை சீஃப். நூறு பர்சென்ட்டுன்னார்."

"எதுல நூறு? திரும்பப் போய்க் கேட்டுட்டு வா. பஸ் இருக்கு, இல்லையா? போ."

போனேன். தெருவில் இருந்தது ஒரே ஒரு தமிழ்க் குடும்பம். அண்ணன் தம்பி சண்டை போட்டு அடுப்பைப் பிரித்துக்கொண்டு இரண்டு குடும்பமாகியிருந்தார்கள். தம்பி பெண்சாதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள்: "ஏங்க, எங்க ஊட்டுச் சண்டையக்கூட பேப்பர்ல போடுவாங்களா?"

சீஃப் அன்று சிரித்த சிரிப்பில் கோட்டுப் பொத்தான் தெறித்தது. பிறகு பென்சிலால் என் நெற்றியைத் தட்டிச் சொன்னார். "எண்ணைச் சொல்றவன் வாயைப் பார்க்காதே, ஒல்லி. எந்த நூறுன்னு கேளு. அந்த நூறு யாருன்னு தெரியாம முப்பதும் கெடையாது, அம்பதும் கெடையாது. வெறும் சத்தம்."

எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த பாடம் அது. அந்தப் பாடத்தைச் சொன்ன கைதான் அதை வெட்டியது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

நகரிப் பக்கத்தில் ஒரு நெசவு ஊர். பஸ் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, நிலக்கடலைக் காடுகளுக்கு நடுவில் இருந்தது. அங்கே ஒரு பள்ளிக்கூடம். தெலுங்கு வகுப்புகளோடு தமிழுக்கென்று ஒரே ஒரு அறை. அந்த அறைக்கு ஒரு டீச்சர், ரங்கநாயகி. முப்பது வயதிருக்கும். பேசும்போது கண்ணை விலக்காத பெண். எனக்கு ஆள் அனுப்பி வரவழைத்தவர் அவர்தான்.

"ரிப்போர்ட்டர் சார், ஊர்வலம் போனா வர்றீங்க, கொடி புடிச்சா வர்றீங்க. என் கிளாஸுக்கும் ஒரு தரம் வந்து பாக்கக் கூடாதா?"

"வந்துட்டேனே டீச்சர்."

"அப்ப எண்ணுங்க. இந்த ஸ்கூலுக்கு நூறு பிள்ளைங்க வருதுன்னா அதுல முப்பதுதான் என் ரூம்ல. முப்பது பர்சென்ட்டு. ஆனா இந்த ஊருல இருக்கற பிள்ளைங்க எல்லாரையும் எண்ணினா பாதிக்கு மேல நம்ம பசங்க. மீதிப் பேர் எங்க போனாங்கன்னு காட்டறேன், வாங்க."

பின்தெருவுக்குக் கூட்டிப்போனார். தெருவின் நீளத்துக்குக் குறுக்குக் கம்புகளை நட்டுப் பாவு கட்டியிருந்தார்கள். நெய்வதற்கு முன் நூலுக்குக் கஞ்சி ஏற்றி வெயிலில் காயவிடும் வேலை. ஆயிரம் இழை ஒரு வெள்ளை ஆறுபோலத் தெருவில் தொங்கியது. இரண்டு கரையிலும் ஆட்கள் நீளப் பிரஷ்ஷால் வாரிக்கொண்டே போனார்கள். அவர்கள் இடுப்புயரத்தில், இழைக்குக் கீழேயும் மேலேயும், சின்னச் சின்னக் கைகள். அறுந்த இழையைத் தேடிப் பிடித்து முடிபோடச் சின்ன விரல்கள்தான் தோது. வெயில் ஏறி நூல் முறுகுவதற்குள் முடிக்க வேண்டும். நடுவில் நின்றால் கஞ்சி இறுகி இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒரு குடும்பத்தின் ஒரு மாதச் சோறு அங்கேயே விறைத்துப்போகும்.

"காலைல பாவு முடிஞ்சா இவங்களுக்கு வேலை இல்லை. பத்து மணிக்கு மேல என் கிளாஸை ஆரம்பிக்க விடுங்க, எல்லாரும் வந்துடுவாங்கன்னு சித்தூர் கல்வி ஆபீசுக்கு மனு போட்டிருக்கேன். நேரத்தை மாத்தணும், அவ்வளவுதான் நான் கேக்கறது. அதுக்குள்ள ஆளில்லாத கிளாஸுன்னு சொல்லி ரூமையே கேக்கறாங்க. ஆபீசர் விசாரணைக்கு வரப்போறார். அவர் வர்றதுக்கு முன்னால நீங்க எழுதணும் சார்."

அறையைக் கேட்டவர் ஊர்ப் பிரசிடென்ட். அவரும் அடாவடிக்காரர் இல்லை. ஐந்தாம் வகுப்புத் தெலுங்குப் பிள்ளைகள் மழைக்கும் வெயிலுக்கும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். அதையும் என் கண்ணால் பார்த்தேன். அநியாயம் எப்போதும் அநியாயக்காரன் முகத்தோடு வருவதில்லை, தம்பிகளே. சில நாள் நனைந்த புத்தகப் பையோடு வரும்.

அன்று சாயங்காலம் திருப்பதி திரும்பினேன். உங்களுக்கு ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மீதி புரியாது. அவசரச் செய்தியை நாங்கள் ஆங்கிலத்தில்தான் தந்தியடிப்போம். சென்னையில் டெஸ்க்கில் இருப்பவர் அதைத் திரும்பத் தமிழாக்குவார். தமிழ்த் தெருவில் கேட்டது, ஆங்கிலமாய்ப் போய், தமிழாய் வந்து இறங்கும். தந்தியில் வார்த்தைகளைக் குறைப்பதே தொழில் திறமை. முதலில் சாகிறவை சின்ன வார்த்தைகள். 'இதில்', 'அவர்களில்', 'மட்டும்'. பார்க்க எலும்பில்லாத வார்த்தைகள். எண்ணைத் தூக்கி நிறுத்துவதே அவைதான் என்பது வெட்டிய பிறகு தெரியும்.

நான் எழுதியது இவ்வளவுதான்: பள்ளிக்கு வருகிற பிள்ளைகளில் தமிழர் முப்பது பர்சென்ட், ஊரின் தமிழ்ப் பிள்ளைகளில் பெரும்பாலோர் காலையில் பாவு வேலையில், வகுப்பு நேரத்தை மாற்றினால் வருவார்கள், அதற்குள் அறையை எடுக்க முயற்சி.

அன்று பார்த்துத் திருப்பதியில் எல்லைக்காக ஓர் ஊர்வலம். பஸ் ஒன்றின்மேல் கல் விழுந்துவிட்டது. தந்தி ஆபீஸில் கம்பித் தடுப்பை மொய்த்துக்கொண்டு எல்லாப் பத்திரிகைக்காரர்களும் நின்றோம். தந்திக்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு கத்தினார். "ஒக்கொக்கருகா ரண்டி சார்! ஒவ்வொருத்தரா வாங்க! லைன் எப்பப் போவும்னு தெரியாது. சின்னதாக் குடுங்க, போனவரைக்கும் போவட்டும்."

சீஃப் அன்றைக்கு நாங்கள் எழுதிய தாள்களை ஒரே கையில் பிடித்தார். சிவப்புப் பென்சில் எழுந்தது. கல் விழுந்த செய்தியில் ஒரு வார்த்தையையும் தொடவில்லை. என் தாளில் பென்சில் ஒரு கோடு போட்டுக்கொண்டு போனது. கடைசியில் நின்றது: தமிழ்ப் பிள்ளைகள் முப்பது பர்சென்ட், தமிழ் வகுப்புக்கு ஆபத்து.

"சீஃப், எந்த நூறுங்கறது போயிடுச்சே!"

"ஸ்கூல் விஷயம்னா ஸ்கூல் பிள்ளைங்கதான். டெஸ்க்ல இருக்கறவன் கழுதையா?"

"பாவுப் பிள்ளைங்க?"

"அதை வெவரமா தபால்ல அனுப்பு. இப்ப பஸ்மேல கல்லு விழுந்திருக்கு, ஒல்லி. கல்லுக்கு பர்சென்ட் கெடையாது."

"நீங்கதானே சீஃப் காளஹஸ்திக்கு என்னைத் திருப்பி அனுப்பினீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். பின்னால் நின்ற போட்டிப் பத்திரிகைக்காரர் முழங்கையால் இடித்துக்கொண்டு முன்னேறினார். சீஃப் கம்பிக்குள் கையை நுழைத்துத் தாளைக் கொடுத்துவிட்டார். டக், டட்டக். முடிந்துவிட்டது.

மறுநாள் பத்திரிகை வந்தது. 'தமிழர் முப்பது சதவீதமாகக் குறைந்தனர்! எல்லைக் கிராமத்தின் அவலம்!' என்று தலைப்பு. டெஸ்க்கில் இருந்தவர் கழுதை இல்லை. உணர்ச்சியுள்ள தமிழர். அதுதான் இன்னும் மோசமாகப் போயிற்று. 'பிள்ளைகள்' அவர் கையில் 'தமிழர்' ஆகியிருந்தார்கள். 'குறைந்தனர்' என்ற வார்த்தை எங்கள் தந்தியில் இல்லவே இல்லை. குறைந்தது என்றால் எதிலிருந்து குறைந்தது? முன்னால் எத்தனை இருந்தது? ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு அது ஏறியது, இறங்கியது என்று எழுதுவது, ஒரே படியில் நிற்பவனைப் பார்த்து இறங்குகிறான் என்று சொல்வதுபோல. அவர் அந்த எண்ணுக்குக் கண்ணீர் ஊற்றி வளர்த்துவிட்டார்.

ஊரில் அந்தத் தாள் கைமாறிக் கைமாறி மடிப்பில் கிழிந்துபோனது. நான் திருத்தம் கேட்டு அன்றே தந்தியடித்தேன். சீஃப் தடுத்தார். திருத்தம் போட்டால் தமிழ்ப் பத்திரிகை எண்ணை இஷ்டத்துக்கு மாற்றுகிறது என்பார்கள், வாயை மூடிக்கொண்டிரு என்றார். நான் கேட்கவில்லை. இரண்டு நாள் போராட்டத்துக்குப் பிறகு உள்பக்கத்தில், நிலக்கடலை விலைக்குக் கீழே, திருத்தம் வந்தது: முப்பது சதவீதம் என்பது பள்ளிக்கு வரும் பிள்ளைகளைக் குறிக்கும். சரியான வாக்கியம். எழுத்துக்கு எழுத்து உண்மை. மார்பை நிமிர்த்திக்கொண்டேன். எவ்வளவு சின்ன மார்பு!

ஆபீசர் வந்த காலையில் நானும் போனேன். ஜீப்பில் வந்தார். நெற்றியில் குங்குமம் வைத்த, குரல் உயர்த்தாத மனிதர். தமிழும் புரியும், தெலுங்கில்தான் பேசுவார். பள்ளிக்கூட வராந்தாவில் நாற்காலி போட்டார்கள். பிரசிடென்ட் வேட்டி மடிப்பிலிருந்து கிழிந்த பத்திரிகையை எடுத்து விரித்தார்.

"ஏமண்டி, மேம் செப்பலேது. வாள்ள பேப்பரே செப்பிந்தி கதா!" என்று, தாங்கள் சொல்லவில்லை, அவர்கள் பேப்பரே சொல்லிவிட்டது என்று ஆபீசரிடம் சொன்னவர் என் பக்கம் திரும்பித் தமிழுக்கு மாறினார். "நாங்க சொன்னா பொய்யின்னுவீங்க. உங்க ஆளுங்களே அச்சுப் போட்டு அழுவறாங்க, முப்பதுதான்னு. அவ்ளோ பேருக்கு ஒரு முழு ரூம் எதுக்கு? எங்க பசங்க மரத்தடியில நனைஞ்சிக்கினு கெடக்குது."

நான் திருத்தத்தை எடுத்து நீட்டினேன். ஆபீசர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, எழுத்துக்கூட்டி, நிதானமாகப் படித்தார். தலையாட்டினார். பிறகு மெதுவாகக் கேட்டார். நான் தமிழில் சொல்கிறேன்: "ஊர் எந்தப் பக்கம் போகும் என்று பார்க்க நான் வரவில்லை. அது பெரியவர்கள் வேலை. நான் பள்ளியைப் பார்க்க வந்தவன். உங்கள் திருத்தம் பள்ளிப் பிள்ளைகள் என்று சொல்கிறது. அப்படியென்றால் எனக்கு வேண்டிய முப்பது இதுதானே?"

நீட்டிய தாளைத் திரும்ப வாங்கி மடித்தேன். பொய்யான தலைப்பு அந்த அறையைப் பாதிதான் அசைத்திருந்தது. என் உண்மையான திருத்தம் அதை அடியோடு பெயர்த்துக் கையில் கொடுத்துவிட்டது.

ரங்கநாயகி டீச்சர் முன்னால் வந்தார். "சார், இந்த நூறு வேற, அந்த நூறு வேற. ஸ்கூலுக்கு வர்றவங்களை மட்டும் எண்ணினா வர முடியாதவங்க எப்பவுமே கணக்குல சைபர்தான். பின்தெரு வரைக்கும் ஒரு நடை வாங்க. உங்க கண்ணால பாத்துட்டு எது வேணாலும் எழுதுங்க."

பிரசிடென்ட் சிரித்தார். "தெருவுல போய் ஸ்கூல் எண்ணுவாங்களாம்மா?"

ஆபீசர் எழுந்துவிட்டார். அதை நான் இன்றுவரை அவர் கணக்கில் வரவு வைத்திருக்கிறேன். செருப்பில் புழுதி ஏற நடந்து வந்தார்.

தெருவில் பாவு கட்டியிருந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. டீச்சர் முதல் ஆளிடமே போனார். ஏகாம்பரம். அவருடைய இரண்டு பெண்களும் ஒரு மகனும் இழைக்கு நடுவில் இருந்தார்கள்.

"ஏகாம்பரம், ஆபீசர் வந்திருக்கார். பிள்ளைங்கள ஒரு அரை மணி நேரம் அனுப்பு. ரூம்ல உக்காந்து தலையைக் காட்டிட்டு வரட்டும்."

"இன்னா டீச்சரம்மா இப்பிடி சொல்ற? கஞ்சி காஞ்சிக்கினே இருக்குது. இப்ப வுட்டா எல்லாம் கயிறாப் பூடும். நாளைக்கு இன்னாத்தத் துன்றது, ரூமையா?"

"இன்னிக்கு ஒரு நாளு..."

"நாளைக்கு வரச் சொல்லு. நாளைக்குப் பாவு இல்ல. எல்லாத்தையும் தலை சீவி இட்டுக்கினு வர்றேன், என்னியும் சேத்து உக்காத்தி வை."

பெரிய பெண் தலையை நிமிர்த்தாமல் கேட்டாள். "நைனா, நானாவது போவட்டுமா?" ஏகாம்பரம் அவள் விரல்களைப் பார்த்தார். அவளுடையவைதான் தெருவிலேயே வேகமான விரல்கள். அவளே மறுபடி குனிந்துகொண்டாள்.

டீச்சர் தெருவின் நடுவில் நின்று, பாவு நெடுகக் கேட்கும்படி குரல் கொடுத்தார். "ஏழாம் வாய்ப்பாடு!"

தெரு பதில் சொன்னது. அறுந்த இழையை முடிந்தபடி, பிரஷ்ஷுக்கு வழி விட்டபடி, யாரும் தலை நிமிராமல், ஒரு முனையிலிருந்து மறு முனைவரை சின்னக் குரல்கள் ஏழு ஏழாய் ஏறின. நூல் நடுங்கியது. காலையில் பள்ளிக்குப் போகும் வழியில் இந்தப் பாவோரமாய் நடந்து நடந்து அவர் சொல்லிக்கொடுத்தது அது. ஆபீசர் கையைக் கட்டிக்கொண்டு கடைசி ஏழுவரை கேட்டார். முகத்தில் ஏதோ இளகியது. அறை தப்பிவிடும் என்று நான் நம்பினேன். பிரசிடென்ட்கூட நம்பியிருப்பார், வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு நின்றார்.

ஆபீசர் டீச்சரைப் பார்த்துச் சொன்னார்: "பாகா செப்பாரம்மா. கானி வீள்ளு நா லெக்கலோ லேரு."

நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறீர்கள் அம்மா, ஆனால் இவர்கள் என் கணக்கில் இல்லை.

அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய நூறு பள்ளிக்கூட வாசற்படியோடு முடிந்துவிடுகிறது. படிக்கு இந்தப் பக்கம் எத்தனை குரல் ஏழாம் வாய்ப்பாடு சொன்னாலும் அது பர்சென்ட்டுக்குள் ஏறாது. ஜீப் போனது. அறை ஐந்தாம் வகுப்புக்குப் போனது. டீச்சருக்கு ஜில்லாவின் மறுகோடியில், ராமகுப்பம் பக்கம் மாற்றல் வந்தது.

திருப்பதியில் சீஃப்பிடம் நடந்ததைச் சொன்னேன். பென்சிலை விரலில் உருட்டிக்கொண்டே கேட்டார். "நான் வெட்டினது ஒரு வரி" என்றார். "டெஸ்க்காரன் ஒரு சொல்லைச் சேர்த்தான். நீ ஒரு திருத்தம் போட்டே. ஆபீசர் ஒரு கோடு போட்டார். எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் தான் பண்ணினோம், ஒல்லி." கோட்டைச் சரிசெய்துகொண்டு வெளியே போனார். மன்னிப்பாக எடுத்துக்கொள்வதா, கணக்குப் பிரிக்கிறாரா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. இவ்வளவு பேர் பங்குபோட்ட பழியில் யாருக்கும் தூக்கம் கெடவில்லை என்பது மட்டும் தெரியும்.

பிறகு எல்லையும் முடிவாயிற்று. திருத்தணி சென்னைப் பக்கம் போனது, சித்தூர் ஆந்திரத்திலேயே நின்றது. டீக்கடைகளில் பர்சென்ட் ஓய்ந்து சினிமா வந்தது. நான் இன்னும் பல வருஷம் எழுதினேன். வாக்கெடுப்பு, வெள்ளம், விளைச்சல், எல்லாவற்றிலும் அந்தச் சொல்லை எழுதினேன். ஒவ்வொரு முறையும் எந்த நூறு என்று கேட்டு எழுதினேன். அது பாதி வேலைதான் என்பதையும் தெரிந்துகொண்டே எழுதினேன். உங்களிடம் யாராவது பர்சென்ட் சொன்னால், அந்த நூறு யார் என்று முதலில் கேளுங்கள். கேட்டுவிட்டு நிறுத்திவிடாதீர்கள். அந்த நூற்றுக்குள் வர முடியாமல் வெளியே நிற்பது யார் என்றும் கேளுங்கள். இரண்டையும் ஒரே வரியில் எழுதுங்கள். தனித்தனி வரியாக எழுதினால் அவசரத்தில் இருப்பவன் ஒன்றை மட்டும் வெட்டுவான். அவன் வெட்டப்போவது எதை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நாலு பேர் இடித்துக்கொண்டு நிற்கும் கவுன்டரில், லைன் போகப்போகிற நேரத்தில், இடத்துக்காக ஒரு சின்ன வார்த்தையைக் கொல்லத் தோன்றினால், அந்த வார்த்தைக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று ஒரு நொடி திரும்பிப் பாருங்கள். பார்த்த பிறகும் உங்களை வெட்டச் சொல்வார்கள். நீங்களும் என்னைப்போலத் தோற்கலாம். தோற்பது தெரிந்து தோற்பதற்கும் இந்தத் தொழிலில் ஆள் வேண்டும்.

டீச்சர் கிளம்பும் நாளில் புத்தூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். ஒரு தகரப் பெட்டி, ஒரு குடை. ஏகாம்பரம் ஒரு துண்டுத் துணியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிட்டு, "பாவு கெடக்குது, நான் போறேன் டீச்சரம்மா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். பஸ் உறுமிக்கொண்டிருந்தது. பெட்டியை நான்தான் மேலே ஏற்றினேன்.

"டீச்சர், முழுசா ஒரு கட்டுரை எழுதப்போறேன். பாவு வேலை, நேரம், எல்லாம். தொழில் செய்யும் பிள்ளைகள்னு தலைப்பு."

அவர் படியில் ஏறிவிட்டார். கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டான். அவர் கம்பியைப் பிடித்தபடி திரும்பினார்.

"அப்பிடி எழுதாதீங்க சார். வேலைக்குப் போற பிள்ளைங்கன்னு ஒரு தரம் எழுதிட்டா அதுங்க எந்த ஸ்கூல் கணக்குலயும் அப்புறம் வராது. என் கிளாஸுக்கு இன்னிக்கு வராத பிள்ளைங்கன்னு எழுதுங்க. ஆப்சென்ட்டுன்னு போடுங்க, போதும்."